வந்தாறுமூலையை ஏன் கடைசியில போடுறீங்கள்?

போன கிழமை ஒரு பின்னேரம் ஒரு பிள்ளையும் தாயும் வீட்டுக்கு வந்திருந்தவை. பிள்ளை என்னட்டத்தான் ஏ.எல் பயோ படிச்சது. ரிசல்ட்ஸ் வந்து, இசட் ஸ்கோரையும் (பாடத்துக்குப் பாடம் புள்ளியளைச் சமப்படுத்தி எடுக்கிற ஸ்கோர்) மாவட்ட ராங்கையும் பாத்து, மெடிசினுக்குக் காணாது எண்டு ரெண்டு நாள் அழுது முடிச்சு, இப்ப யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர, ஹான்ட்புக்கோட வந்து நிக்கினம், எதை முதலாவதாப் போடுறது எதை ரெண்டாவதாப் போடுறது எண்டு கேக்க. தாய் ஏற்கெனவே ஒரு கொப்பி ஒற்றையில பென்சிலால எழுதிக்கொண்டு வந்திருந்தா. அக்ரி (விவசாயப் பட்டம்) எண்டா பேராதனை முதல், பிறகு யாழ்ப்பாணம், பிறகு ருகுணு, வயம்ப, சப்ரகமுவ, ரஜரட்ட, எல்லாத்துக்கும் கீழ ஒரு கோடு கீறி கோட்டுக்குக் கீழ கிழக்குப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பு வந்தாறுமூலையில இருக்கிறது.

"வந்தாறுமூலையைக் கடைசியில போடுவம் ரீச்சர், வேற ஒண்டும் கிடைக்காட்டிப் பாப்பம்" எண்டு சொன்னா.

நான் அங்கதான் படிச்சனான் எண்டு சொன்னன். மனிசி பாவம், முகம் ஒரு மாதிரிப் போய், "ஐயோ ரீச்சர், நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை, எல்லாரும் சொல்லினம் அது ராங் குறைவெண்டு, அதுதான்" எண்டா. அவவில எனக்குக் கோவமே இல்லை. இருபது வருசத்துக்கு முதல் என்ர வீட்டிலயும் இதே கதைதான் நடந்தது. ஆனா அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. அந்தக் கோட்டுக்குக் கீழ எழுதியிருந்த ஒரு பேருக்குள்ள என்ர ஆறு வருசம் இருக்கு. அந்தப் பேர் ஏன் கீழ போச்சு, அது சரியா பிழையா எண்டு ஒருக்காவாவது நேர எழுதிப் பாக்க வேணும் எண்டு நினைச்சன்.

முதல் இந்த "ராங் குறைவு" எண்ட கதை எங்க இருந்து வருது எண்டு பாப்பம். எங்கட சனம் ராங் எண்டு சொல்லேக்க ரெண்டு சாமானைக் கலந்து சொல்லினம். ஒண்டு வெட்டுப்புள்ளி. மற்றது பேப்பரில வருசா வருசம் வாற உலகத் தரவரிசை.

வெட்டுப்புள்ளியை எடுங்கோ. 2001ல இருந்து எங்களை இசட் ஸ்கோர் வச்சுத்தான் எடுக்கினம். அநேகமான பாடநெறிகளுக்கு 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவான மெரிட், 55 வீதம் மாவட்டத்துக்கு மாவட்டம் சனத்தொகைப்படி, மிச்ச 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு. நீங்கள் ஹான்ட்புக்கில இருக்கிற பாடநெறி இலக்கங்களை விருப்ப வரிசையில போட, உங்கட ஸ்கோருக்கும் உங்கட மாவட்டத்துக்கும் மேல இருந்து எது தட்டுப்படுதோ அது கிடைக்கும். அப்ப ஒரு கம்பஸின்ர வெட்டுப்புள்ளி எண்டது அங்க கடைசியாப் போன பிள்ளையின்ர ஸ்கோர். அவ்வளவுதான். அங்க ஆர் படிப்பிக்கினம், லாபில என்ன இருக்கு, நாலு வருசத்தில அந்தப் பிள்ளை என்னவா வெளிய வருது எண்டு அந்த நம்பருக்கு ஒண்டும் தெரியாது. எல்லாத் தாய்மாரும் ஒரு இடத்தைக் கடைசியில போட்டா அந்த இடத்தின்ர வெட்டுப்புள்ளி இறங்கும், இறங்கினதை அடுத்த வருசம் பாத்துப்போட்டு அடுத்த தாய்மாரும் கடைசியில போடுவினம். இப்பிடியே நாப்பது வருசமாச் சுத்துது.

இதில எனக்கு விளங்காத ஒரு விசயம் இருக்கு. அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தில மெடிசின் கிடைச்சா என்ன செய்யினம்? ஊரெல்லாம் சொக்லேட் குடுக்கினம். கோயிலில அபிசேகம் செய்யினம். "எங்கட பிள்ளை மெடிசின்" எண்டுதான் சொல்லுவினமே தவிர எந்தக் கம்பஸ் மெடிசின் எண்டு ஆரும் குறுக்குக் கேள்வி கேக்கிறேல்லை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே துணைவேந்தர், ஒரே மட்டக்களப்பு. மெடிசின் எண்டா பெருமை, அக்ரி எண்டா கோட்டுக்குக் கீழ. அப்ப அந்தப் பேரில இருந்த குறை எங்க போனது? ரீச்சரா இத்தினை வருசம் இதைப் பாத்துக்கொண்டிருக்கிறன், ஒருத்தரும் எனக்கு இதுக்கு ஒரு பதில் சொன்னதில்லை.

சரி, மற்ற ராங்குக்கு வருவம். எங்கட பத்திரிகையள் கூடுதலாப் போடுறது வெபொமெட்ரிக்ஸ். ஸ்பெயினில ஒரு ஆராய்ச்சி நிலையம் 2004ல தொடங்கின வேலை. பேரிலயே இருக்கு, அது இணையத்தை வச்சு அளக்கிறது. 50 வீதம் உங்கட வெப்சைற்றுக்கு வெளியில இருந்து எத்தினை இணைப்பு வருது எண்டதுக்கு, 10 வீதம் கூடுதலா மேற்கோள் காட்டப்படுற ஆய்வாளர்களுக்கு, 40 வீதம் உலகத்திலயே கூட மேற்கோள் வாங்கின முதல் 10 வீதக் கட்டுரையளில உங்கடது எத்தினை எண்டதுக்கு. இதில படிப்பித்தலுக்கு எத்தினை வீதம்? சைபர். பெரிய பேர் கேட்ட கியூஎஸ் தரவரிசையை எடுத்தா, அதில கனகாலமா 40 வீதம், இப்ப 30 வீதம், உலகத்தில இருக்கிற கல்வியாளர்களிட்ட "உங்கட துறையில எந்தப் பல்கலைக்கழகம் நல்லது" எண்டு கேட்டு வாங்கிற அபிப்பிராயம். வந்தாறுமூலை எண்ட பேரை நெதர்லாந்தில ஒரு பேராசிரியர் ஏன் கேள்விப்பட்டிருக்கப் போறார்? ஏற்கெனவே பேர் இருக்கிறவனுக்குத்தான் அந்தப் புள்ளி போகும், அந்தப் புள்ளியைப் பாத்துப் பேர் இன்னும் கூடும்.

மேற்கோள் விசயத்தில எனக்குச் சொந்த அனுபவம் ஒண்டு இருக்கு, அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும்.

நான் கோப்பாய்ப் பக்கம். அப்பா தோட்டக்காரன். எனக்குத் தெரிஞ்ச மண் எண்டா செம்மண்தான், வெங்காயமும் புகையிலையும் போடுற, கையில ஒட்டினா லேசில போகாத மண். மட்டக்களப்புக் கரையோர மண் வேற. அது மணல், தண்ணி விட்டா நிக்காது, போட்ட பசளை மழையோட கீழ இறங்கிப் போயிடும். அந்த மண்ணில எப்பிடிப் பயிர் செய்யிறது எண்டதுதான் எங்கட பீடத்தில கனபேரின்ர ஆராய்ச்சி. என்ர கடைசி வருச ப்ரொஜெக்ட்டும் அதுதான், மாட்டெருவும் கோழி எருவும் எந்த அளவில கலந்து போட்டா மணல் மண்ணில மிளகாய்க்கு ஈரம் நிக்கும் எண்டு. விடியக் காலமை அஞ்சரைக்குப் போய் தொட்டியளை நிறுப்பம், பின்னேரமும் நிறுப்பம், எவ்வளவு தண்ணி போனது எண்டு எழுதுவம். என்ர சுப்பவைசர் வெயிலில எனக்குப் பக்கத்தில நிண்டு ஒவ்வொரு தொட்டியாப் பாத்தவர், ஒரு நாள் நான் ரெண்டு தொட்டியின்ர நம்பரை மாறி எழுதிப்போட்டன் எண்டு தெரிஞ்சு அந்தக் கிழமை டேட்டா முழுக்க எறிய வச்சவர். அண்டைக்கு அழுதன். இண்டைக்கு என்ர பிள்ளையள் ப்ராக்டிக்கலில ஒரு அளவை ஊகிச்சு எழுதினா எனக்குக் கை நடுங்கிற அளவுக்குக் கோவம் வரும், அது அவரிட்ட இருந்து வந்தது.

இந்த மாதிரி ஆராய்ச்சியள் பீடத்தின்ர சொந்த ஆய்விதழ் அக்ரிஈஸ்ட் மாதிரி இடங்களில வரும். மட்டக்களப்பு மணல் மண்ணைப் பற்றி ஒரு கட்டுரையை ஒஸ்ரேலியாவிலயோ ஜேர்மனியிலயோ ஆர் மேற்கோள் காட்டப் போறினம்? ஒருத்தரும் இல்லை. அப்ப வெபொமெட்ரிக்ஸின்ர அந்த 40 வீதத்தில எங்களுக்கு ஒண்டும் விழாது. ஆனா 2021 மே மாதம் அரசாங்கம் ஒரே இரவில ரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்யேக்க என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யூரியாவில நைதரசன் 46 வீதம், மாட்டெருவில அதில ஒரு சின்னப் பங்குதான், அதை எப்பிடி ஒரு போகத்தில ஈடு செய்யிறது? நாட்டில இருந்த விவசாயப் பேராசிரியர்கள் பலர் எழுத்தில எச்சரிச்சும் கேக்கேல்லை, நவம்பரில தடையை எடுக்க வேண்டி வந்தது, அதுக்கிடையில சனம் பட்ட பாடு பட்டுட்டுது. அந்த மாதங்களில என்ர பட்ச் பெடியன் ஒருத்தன், வாழைச்சேனைப் பக்கம் விவசாயப் போதனாசிரியரா இருக்கிறான், இரவிரவா எனக்கு ஃபோன் எடுத்தவன், "உன்ர தீசிஸில கோழி எரு அளவு என்ன போட்டனீ, கொப்பி வச்சிருக்கிறியோ?" எண்டு. பரணில இருந்து எடுத்து, போட்டோ பிடிச்சு வட்ஸப்பில அனுப்பினன். அவன் தன்ர பக்கத்துக் கரையோரத் தோட்டக்காரருக்கு அதை வச்சு அளவு சொல்லிக் குடுத்தவன். மிளகாய் முழுக்கத் தப்பினது எண்டு சொல்லமாட்டன், தப்பேல்லை, ஆனா அவங்கள் கையில இருந்த எருவை வீணாக்கேல்லை. இதை அளக்கிற தரவரிசை ஒண்டும் இல்லை.

இனி, நான் சொல்லாம விட ஏலாத பகுதி. ஒரு பல்கலைக்கழகத்தைப் பேராதனையோடயோ கொழும்போடயோ வச்சு மட்டம் தட்ட முதல், அந்த இடத்துக்கு என்ன நடந்தது எண்டு தெரிஞ்சிருக்க வேணும். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870ல தொடங்கினது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஓகஸ்ட் 1ந் தேதி, அதுவும் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்துக் கட்டிடங்களில, விஞ்ஞானமும் விவசாயமும் மட்டும் வச்சுத் தொடங்கினது. முழுப் பல்கலைக்கழகமா வந்தது 1986 ஒக்டோபர். தொடங்கின வருசத்தைப் பாருங்கோ. 1983ல நாடே எரிஞ்சது. நாலு வருசம் கழிச்சு இந்திய இராணுவம் வந்தது. 1990ல திரும்பச் சண்டை.

1990 செப்டெம்பர் 5. சுத்துவட்டாரக் கிராமத்துச் சனமெல்லாம் ஓடி வந்து கம்பஸுக்குள்ளதான் அகதியா இருந்தவை. விரிவுரையாளர்கள்தான் அந்த முகாமைப் பாத்துக்கொண்டவை. அண்டைக்கு இராணுவம் வந்து 158 பேரைப் பிரிச்சு எடுத்து பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனது. ஒருத்தரும் திரும்பி வரேல்லை. ஒவ்வொரு செப்டெம்பர் 5ம் அவையின்ர தாய்மாரும் மனிசிமாரும் படத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்து விளக்குக் கொளுத்துவினம். நான் முதல் வருசம் அதைப் பாக்கேக்க எனக்கு இது தெரியவே தெரியாது. யாழ்ப்பாணத்தில இருந்து போன எங்களுக்கு எங்கட கதை மட்டும்தான் தெரியும். லெக்சருக்குப் போற ரோட்டில ஒரு வயசான அம்மா நிண்டு ஒரு பெடியன்ர படத்தை நெஞ்சோட வச்சிருந்தா, அந்தப் பெடியனுக்கு என்ர வயசு.

சண்டை எங்களை எங்களுக்குள்ளயும் பிரிச்சது, அதையும் மறைக்க ஏலாது. பிரச்சினையால படிப்பைத் தொடர முடியாமப் போன முஸ்லிம் பிள்ளையளுக்காக 1995ல ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்க வேண்டி வந்தது, அதுதான் இண்டைக்கு ஒலுவிலில இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகம். முஸ்லிம் சனம் கூட இருக்கிற ஏறாவூர் எங்கட கம்பஸில இருந்து எவ்வளவு கிட்ட? பஸ்ஸில பத்து நிமிசம். அந்தப் பிள்ளையள் ஒலுவிலுக்குப் போக வேண்டி வந்தது எங்கட எல்லாரின்ரயும் இழப்பு எண்டுதான் நான் நினைக்கிறன்.

நான் 2005ல போனன். சுனாமி அடிச்ச அடுத்த வருசம். 2006 ஓகஸ்ட்டில யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை பூட்டினது. வீட்டுக்குப் போறதெண்டா திருகோணமலைக்குப் போய்க் கப்பல் பாக்க வேணும், போனா திரும்பி வர கிளியரன்ஸ் கிடைக்குமோ தெரியாது. நான் போகவே இல்லை, ஒண்டரை வருசம் அம்மாவைப் பாக்கேல்லை. அந்த செப்டெம்பரில எங்கட கலைப்பீடாதிபதியைக் கடத்தி, துணைவேந்தர் பதவி விலகினாத்தான் விடுவம் எண்டு சொன்னவை. துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் ராஜினாமாக் கடிதம் குடுத்தார், கொழும்பில இருந்துகொண்டு வேலை பாத்தார். 2006 டிசெம்பர் 15, கொழும்பில ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போன மனிசன் காணாமப் போனவர். உயர் பாதுகாப்பு வலயம் எண்டு சொல்லுற இடத்தில. இண்டைக்கு வரைக்கும் இல்லை. எங்கட பீடத்து மனிசன், விவசாயத்தைப் பற்றிக் கதைச்ச மனிசன். ஒரு பல்கலைக்கழகத்தின்ர தலைவரையே இப்பிடித் தூக்கிக்கொண்டு போன நாட்டில, அந்தப் பல்கலைக்கழகம் ஏன் உலகத் தரவரிசையில பின்னுக்கு எண்டு கேக்கிறதுக்கு எங்களுக்கு எப்பிடி வாய் வருது?

அடுத்த மாதம் வடக்குப் பக்கத்து வாகரையில இருந்து சனம் சண்டைக்குத் தப்பிக் கடலோரமாயும் காட்டாலயும் வந்தது, பிறகு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில இருந்து வந்தது. இரவில செல் போற சத்தத்துக்கு கூரை ஓடு அதிரும். செங்கலடியில நான் நிண்ட போர்டிங் வீட்டம்மா, மனிசனை 90ல பறிகுடுத்தவ, எங்கள் மூண்டு பிள்ளையளையும் தன்ர அறைக்குள்ள கூப்பிட்டு நடுவில படுக்க வைப்பா. "பயப்பிடாத மகள், இஞ்ச நாங்க இரிக்கம்தானே" எண்டுவா. மாதக் காசு குடுக்க ஏலாமல் போன மாதங்களில ஒரு சொல்லுக் கேட்டதில்லை. சட்டித் தயிரும் சீனியும் தந்து, "படி மகள், உன்ர உம்மா, இல்லை, அம்மா அங்க பாத்துக்கொண்டு இரிப்பா" எண்டு சொல்லுவா, பக்கத்து ஏறாவூர்ச் சனத்தோட பழகிப் பழகி உம்மா எண்ட சொல்லு அவவின்ர வாயில வரும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எண்டு ஆக்கள் வெட்டிக்கொண்டு நிண்ட காலம் அது. அந்த மனிசி ஒரு நாளும் என்னட்ட ஊர் கேட்டு வித்தியாசம் பாக்கேல்லை.

அந்த நேரமும் லெக்சர் நடந்தது எண்டதுதான் எனக்கு இண்டைக்கும் அதிசயம். எத்தினையோ பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டினம், போனவையில பிழை இல்லை. நிண்டவையில ஒருத்தர் மூண்டு பேரின்ர பாடத்தையும் சேத்து எடுத்தவர். கரண்ட் இல்லாத நாளில மரத்துக்குக் கீழ மண் வகைப்படுத்தலைக் கையில மண்ணை அள்ளி வச்சுச் சொல்லித் தந்தவர். தமிழில ஏ.எல் படிச்ச எங்களுக்கு இங்கிலிஸில லெக்சர், முதல் ஆறு மாதம் தலை சுத்தும், அவர் ஒவ்வொரு சொல்லையும் போர்ட்டில எழுதிப் பக்கத்தில தமிழையும் எழுதுவார். அந்த ரெண்டு நிரல் கொப்பி என்னட்ட இருக்கு. இப்ப என்ர பிள்ளையளுக்கு நான் அப்பிடித்தான் எழுதிக் குடுக்கிறன், கம்பஸ் போகேக்க உதவும் எண்டு.

அக்ரியை மட்டும் சொல்லிப்போட்டு விட்டா அது சரியில்லை. பேராசிரியர் மௌனகுருவும் சி. ஜெயசங்கரும் கூத்துக்குச் செய்ததை வேற எந்தக் கம்பஸ் செய்திருக்கு? வடமோடி, தென்மோடி எண்டு ஊரில வேளாண்மை செய்துகொண்டு கூத்துப் பழக்கிற அண்ணாவிமாரின்ர கையில இருந்த கலையை, "நாட்டுக்கூத்துத்தானே" எண்டு ஒதுக்கினதை, பட்டப்படிப்புக்குள்ள கொண்டு வந்து, அதோட நிக்காம சீலாமுனையில கிராமத்துச் சனத்தோடயே இருந்து, பழைய கதையில பொம்பிளைப் பாத்திரங்களுக்கு நடந்த அநியாயத்தையெல்லாம் சனத்தோடயே கதைச்சு மாத்தி, கூத்து மீளுருவாக்கம் எண்டு ஒரு வழியையே திறந்தவை. ஒரு இரவு களரியில விடிய விடிய நிண்டு பாத்தன். என்னோட லைப்ரரியில பக்கத்தில இருந்து படிச்ச பெடியன் சலங்கையோட ஆடுறான், அவன்ர அப்பா மத்தளம். காலிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒண்டு, தமிழ் ஒரு சொல் தெரியாது, விடியும் வரை எழும்பேல்லை.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும், இல்லாட்டி நான் பிள்ளையளுக்குப் பொய் சொல்லுறன் எண்டு வரும். அந்தக் குறைஞ்ச பேரில நியாயமான பங்கு ஒண்டு இருக்கு. நாலு வருசப் பட்டம் நாலு வருசத்தில முடியிறேல்லை. எனக்கு ஆறு. எங்கட காலத்தில சண்டை, பிறகு 2012ல விரிவுரையாளர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில 6 வீதம் ஒதுக்கச் சொல்லி மூண்டு மாதத்துக்கு மேல செய்த ஸ்ட்ரைக், பிறகு கொரோனா, ஊழியர் ஸ்ட்ரைக். இது எல்லா அரச பல்கலைக்கழகத்துக்கும் பொதுதான், ஆனா ஏழைப் பிள்ளையள் கூடப் போற இடத்தில ஒவ்வொரு வருசமும் கூடுதலா வலிக்கும். கொழும்பில படிக்கிற பிள்ளை லெக்சர் முடிய நடந்து போய் ஒரு கொம்பனியில இன்டெர்ன்ஷிப் செய்யும். வந்தாறுமூலையில அப்பிடிக் கொம்பனி எங்க இருக்கு? கலைப்பட்டம் எடுத்த பிள்ளையள் அரச வேலையைத் தவிர வேற வழி தெரியாம நிக்கினம். 2017ல மட்டக்களப்பு காந்தி பூங்காவில வேலையில்லாப் பட்டதாரியள் மாதக்கணக்கா இருந்தவை, அதில என்ர கூட்டாளியள் இருந்தவை. இதுக்கு அரசாங்கத்தை மட்டும் குற்றம் சொல்லி விட ஏலாது. பட்டத்தோட ஒரு தொழிலுக்கான வழியையும் காட்டுறது பல்கலைக்கழகங்களின்ர பொறுப்பு, அதைக் கேக்கிற தாய்மார் சரியான கேள்வியைத்தான் கேக்கினம்.

ராக்கிங்கைப் பற்றித் தாய் அண்டைக்குக் கேட்டவ. 1998லயே சட்டம் வந்திட்டுது, இன்னும் நிக்கேல்லை, நாட்டில எந்தக் கம்பஸைச் சொன்னாலும் இந்தக் கேள்வி இருக்கு. ஆனா ஒண்டு சொல்லுறன். என்ர சித்தியின்ர மகன், என்னை விட எவ்வளவோ கெட்டிக்காரன், நல்ல பேர் எடுத்த ஒரு பெரிய கம்பஸுக்குப் போனவன், எது எண்டு எழுதமாட்டன். முதல் மூண்டு மாதத்திலேயே படிப்பை விட்டிட்டு வந்தவன். என்ன செய்தவங்கள் எண்டு இண்டைக்கும் சொல்லமாட்டான். சித்தி கொஞ்சக் காலம் ஆரோடயும் கதைக்கேல்லை. அந்தக் கம்பஸின்ர ராங் அந்த வருசமும் குறையேல்லை, எந்த வருசமும் குறையேல்லை.

பேர் குறைஞ்ச இடத்தில படிச்சதுக்கு நானும் விலை குடுத்தனான். படிப்பு முடிச்சு கொழும்பில ஒரு விவசாய இரசாயனக் கொம்பனிக்கு இன்டவியூவுக்குப் போனன். மண் அறிக்கையெல்லாம் மூண்டு நாள் இருந்து படிச்சுக்கொண்டு போனன். மூண்டு பேர் இருந்தவை, நடுவில இருந்தவர் சீவியைப் பாத்துப்போட்டு "ஏன் ஈஸ்டேண்? பேராதனை கிடைக்கேல்லையா?" எண்டு கேட்டார். நான் ஏதோ சொன்னன். மண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேக்கேல்லை. அதுக்குப் பிறகு கனகாலம் ஆரும் எங்க படிச்சனீங்கள் எண்டு கேட்டா "மட்டக்களப்பில" எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்துவன். வருசம் போகப் போக, அந்த ரெண்டு நிரல் கொப்பியையும் செங்கலடி அம்மாவையும் நினைக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யும், நான் அவைக்குத் துரோகம் செய்யிறன் எண்டு. இப்ப வகுப்பில முதல் நாளே சொல்லுறன், நான் கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலை எண்டு.

அண்டைக்குப் பின்னேரம் இவ்வளவும் நான் சொல்லேல்லை. சொல்ல வரேல்லை. பிள்ளைதான் தாயின்ர ஒற்றையை எடுத்து வச்சுக்கொண்டு ஒவ்வொண்டாக் கேட்டது. மொழி என்ன, லெக்சர் இங்கிலிஸிலதானே, மகாபொலப் புலமைப்பரிசில் காசு எவ்வளவு வரும், ஹொஸ்டல் எத்தினை வருசத்துக்குக் கிடைக்கும், யாழ்ப்பாணத்தில இருந்து பஸ் எத்தினை மணித்தியாலம், தண்ணி நல்லதோ. தெரிஞ்சதைச் சொன்னன், தெரியாததுக்கு இப்ப அங்க லெக்சரரா இருக்கிற என்ர ஜூனியர் ஒருத்தியின்ர நம்பர் குடுத்தன், நேர கேளுங்கோ எண்டு. எந்தப் பாடத்தில ஸ்பெசலைஸ் பண்ண விருப்பம் எண்டு கேட்டன். மண் எண்டுது பிள்ளை. அப்ப தாய் அழிறப்பரை எடுத்து கோட்டுக்குக் கீழ இருந்ததை அழிச்சு, யாழ்ப்பாணத்துக்கு அடுத்ததா மூண்டாவதில எழுதினா, கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருந்தா, "அவர் வந்து என்ன சொல்லுவாரோ தெரியேல்லை" எண்டு சொல்லிக்கொண்டு ஒற்றையை மடிச்சு ஹான்ட்புக்குக்குள்ள வச்சா.

போகேக்க வாசலில நிண்டு, "ரீச்சர், உங்கட அந்தப் போர்டிங் அம்மா இப்பவும் இருக்கிறாவோ?" எண்டு கேட்டா. இருக்கிறா எண்டு சொன்னன். தைப்பொங்கலுக்கு எடுத்துக் கதைச்சன், காது கொஞ்சம் கேக்குதில்லை, சத்தமாக் கதைக்க வேணும்.